தனியாகத் தூக்கிய பாரம்

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னதாக வருகிறது இருங்காட்டுக்கோட்டை. மோட்டார் பந்தயத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அந்த ஊர்ப் பெயரே போதும். 1990 முதல் அங்கே பந்தயத் தடம் இயங்குகிறது. பந்தய நாள் காலையில், வண்டிகளைத் தயார்செய்யும் இடமான பேடாக்குக்குள் நடந்தால், பைக்குகள் பின்சக்கரம் தரையில் படாமல் வரிசையாக நிற்கும். சக்கரத்தைச் சுற்றி, இரும்புக் குழாயை வளைத்துச் செய்து சின்ன உருளைகள் பொருத்திய ஒரு தாங்கி. பேடாக் ஸ்டாண்ட் என்பார்கள், ரியர் ஸ்டாண்ட் என்றும் சொல்வார்கள். டயரைச் சூடேற்றும் உறையைச் சுற்றுவதோ, செயினுக்கு எண்ணெய் விடுவதோ, சக்கரத்தைக் கழற்றுவதோ, எதுவானாலும் முதலில் வண்டி அதில் ஏறியாக வேண்டும்.

ஏற்றுவது இரண்டு பேர் இருந்தால் சுலபம். ஒருவர் வண்டியை நேராகப் பிடிக்க, இன்னொருவர் ஸ்டாண்டை அழுத்துவார். ஆள் கிடைக்காதபோது ஒருவரே செய்வார். அதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும்.

முதலில் சமமான, கெட்டியான தரையைத் தேடிக்கொள்வார். முன் பிரேக் லீவரை ஒரு பட்டையால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டுவார். சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு செருகினால் வண்டியின் சாய்வு குறையும். பிறகு பின்னால் போய் நின்று, ஒரு கையால் வால்பகுதியைப் பிடித்து வண்டியை நிமிர்த்துவார். சரியாக நிமிர்ந்துவிட்டால் எவ்வளவு கனமான வண்டியும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கி நிற்கும். மறு கை ஸ்டாண்டை உருட்டிவந்து, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் இருபுறமும் திருகியிருக்கும் ஸ்பூல் என்ற குமிழ்களுக்கு அடியில் அதன் கொக்கிகளைக் கொண்டுபோய் வைக்கும். கண்ணுக்கு ஒரு பக்கம்தான் தெரியும். எதிர்ப்பக்கக் கொக்கி பொருந்தியதா என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். லேசாக அழுத்திப் பார்ப்பார். இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும், உடம்பின் எடையை அப்படியே ஸ்டாண்டின் கைப்பிடி மேல் இறக்குவார். வண்டியின் பின்பக்கம் மேலே எழுந்து, 'டக்'கென்று உட்காரும்.

புல்லட் வைத்திருந்த வீடுகளில் இதன் இன்னொரு வடிவம் எல்லோருக்கும் பழக்கம்: சென்டர் ஸ்டாண்டு போடுவது. 1955ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு தயாரிப்பு திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் நடந்து, 2013ல் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஒரகடம்வரை வந்து சேர்ந்தது. இன்றைய கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. புதிதாக வாங்கியவர் அதைக் கையால் இழுத்துத் தூக்கப் பார்ப்பார். முதுகு பிடித்துக்கொள்ளும், வண்டி அசையாது. பழகியவர் ஸ்டாண்டின் இரண்டு கால்களும் தரையில் பட்டனவா என்று பார்த்து, அதன் மிதியில் ஏறி நிற்பார். கை வண்டிக்கு வழி காட்டும், அவ்வளவுதான். வண்டி தானாக ஏறுவதுபோல் ஏறிவிடும்.

இதன் கணக்கு எளிது. 200 கிலோ வண்டியில் பின்பக்கத்துப் பங்கு ஏறத்தாழ 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உருளையிலிருந்து கொக்கிவரை ஒரு பங்கு தூரம், கைப்பிடிவரை நான்கு பங்கு தூரம் என்றால், கைக்கு வருவது 25 கிலோதான். ஆனால் கை நான்கு மடங்கு தூரம் கீழே போக வேண்டும். நெம்புகோல் வேலையைக் குறைப்பதில்லை. மனித உடம்புக்குத் தாங்குகிற அளவாக அதைப் பிரித்துக் கொடுக்கிறது. மிச்சத்தை யார் சுமக்கிறார்கள்? தரை. கை கீழ்நோக்கி அழுத்துவதால் வண்டியின் 100 கிலோவும் கையின் 25 கிலோவும் சேர்ந்தே தரையில் இறங்குகின்றன. தூக்கியவரின் தோளுக்கு அந்த 100 கிலோ ஒரு கணமும் வரவில்லை.

வேலை முடிந்ததும் அவர், "நான் ஒருத்தனே ஏத்திட்டேன்" என்கிறார். அவர் சொன்னது எந்த அளவுக்கு உண்மை?

அந்தப் பந்தயத் தடத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீபெரும்புதூரில், 1017ல் பிறந்தவர் என்று மரபு சொல்லும் இராமாநுசர் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துப் பேசியிருக்கிறார். கீதையின் 18ஆம் அத்தியாயம், 14ஆம் சுலோகம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்களை அடுக்குகிறது: நிலைக்களம், செய்பவன், கருவிகள், பலவகை இயக்கங்கள், ஐந்தாவதாகத் தெய்வம். தான் ஒருவனே செய்தேன் என்று நினைப்பவன் சரியாகப் பார்க்கவில்லை என்று இரண்டு சுலோகம் தள்ளி வருகிறது. நிலைக்களம் என்றால் உடம்பு, கருவிகள் என்றால் புலன்கள் என்றே பழைய உரைகள் பொருள் கொள்கின்றன. பேடாக்கில் நிற்பவர் அந்தப் பட்டியலை உடம்புக்கு வெளியேயும் நீட்டிப் பார்க்கலாம். தரை மணலாக இருந்தால் ஸ்டாண்டு புதையும். ஸ்பூல் தளர்ந்திருந்தால் வண்டி சரியும். இரும்புக் குழாயை வளைத்துப் பற்றவைத்தவர் கண் முன்னே இல்லை, ஆனாலும் அவர் கை அந்த நிமிடத்தில் வேலை செய்கிறது.

ஐந்தாவது காரணத்தில்தான் உரைகாரர்கள் பிரிகிறார்கள். சங்கரர், புலன்களுக்குத் துணைநிற்கும் தேவதைகளை, கண்ணுக்குச் சூரியன் என்பதுபோல, தெய்வம் என்ற சொல்லில் காண்கிறார். இராமாநுசருக்கு அது உயிருக்குள் உயிராக இருக்கும் பரமாத்மா. செயல் கைகூடுவதற்கு அவனே தலைமையான காரணம்.

உடனே ஒரு தடை எழும். எல்லாவற்றையும் இயக்குபவன் இறைவன் என்றால், செய் என்றும் செய்யாதே என்றும் மனிதனிடம் சாத்திரம் சொல்வானேன்? வண்டி சரிந்து கால் நசுங்கினால் குற்றம் யாருடையது? இராமாநுசரின் விடை நுட்பமானது. உடம்பும் புலனும் வலுவும் இறைவன் தந்தவை. அவற்றைத் தாங்கி நிற்பவனும் அவனே. ஆனாலும் முயற்சியைத் தொடங்குவது உயிர், தன் சொந்த விருப்பத்தால். அந்த முயற்சிக்கு உள்ளிருக்கும் இறைவன் இசைவு கொடுத்து அதை நடத்திவைக்கிறான். இதை விளக்க அவர் எடுத்த உவமை பெரும் பாறைகளையும் மரங்களையும் நகர்த்துவது. பலர் சேர்ந்தால்தான் அசையும் பாரம் அது. எல்லோரும் சேர்ந்தே காரணம், என்றாலும் ஒவ்வொருவரும் விதிக்கும் விலக்குக்கும் உட்பட்டவர்.

ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் ஒரு தத்துவ ஆசான் பொறுப்பைப் பற்றிப் பேச வந்து, கனமான பொருளை நகர்த்தும் ஆட்களை நினைத்துப் பார்த்திருக்கிறார் என்பது மனதை நிறைக்கிறது. கோயில் திருப்பணிகளில் கல் இழுப்பதை அன்றைய கண்கள் அடிக்கடி கண்டிருக்கும். அந்த உவமையில் ஒரு கூர்மையும் இருக்கிறது. பாறையில் பத்துப் பேர் கை வைத்தால் பொறுப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதில்லை. எனக்கு நாற்பது சதவீதம், கடவுளுக்கு அறுபது சதவீதம் என்று பாகம் பிரிக்க அங்கே இடமே இல்லை. 25 கிலோ அழுத்தம் இல்லாவிட்டால் 100 கிலோ எழாது. தரை இல்லாவிட்டால் 25 கிலோவால் எதுவும் ஆகாது. இரண்டும் முழுசாக வேண்டும்.

திருக்குறளும் இந்த இரண்டையும் தனித்தனியே முழுசாகத்தான் வைத்திருக்கிறது. 38ஆம் அதிகாரமான 'ஊழ்', ஊழைவிட வலியது எது என்று கேட்டு முடிகிறது. 62ஆம் அதிகாரமான 'ஆள்வினையுடைமை', தளராமல் முயல்பவர் ஊழையே புறங்காண்பார் என்று முடிகிறது. ஒன்றைக் காப்பாற்ற மற்றதை வள்ளுவர் வெட்டவில்லை.

இராமாநுசருக்குப் பின் வந்தவர்களிடம் கேள்வி இன்னும் கூர்மையானது. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் வாயில் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியா? வேதாந்த தேசிகரின் வழிவந்த வடகலையார் முதலாவதையும், பிள்ளை லோகாசாரியரின் வழிவந்த தென்கலையார் இரண்டாவதையும் எடுத்துச் சொல்வார்கள். உயிர் தன் பங்குக்கு எதையாவது பற்ற வேண்டுமா என்பதே வழக்கு.

வடகலை மரபில் சரணாகதிக்கு வழங்கும் சொல் 'பரந்யாசம்'. பரம் என்றால் பாரம், ந்யாசம் என்றால் வைத்தல். பாரத்தை வைத்துவிடுவதே சரணடைதல். ஆனால் தேசிகர் அதை வெறுமனே கைவிடுவதாகச் சொல்லவில்லை. அதற்கு ஐந்து அங்கங்கள் உண்டு என்கிறார். தன்னால் ஆகாது என்று உணரும் கார்ப்பண்யம் அவற்றில் ஒன்று, தாங்குபவன் தாங்குவான் என்னும் மகாவிசுவாசம் இன்னொன்று. பாரத்தை இறக்கி வைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

ஸ்டாண்டு ஏற்றுபவரின் உடம்பு கற்றுக்கொள்வதும் இதற்கு வெகு அருகில் இருக்கிறது. புதியவர் தோற்பது பலம் போதாமல் அல்ல. எடையைத் தன் கையிலிருந்து விட மனம் வராததால்தான் இழுத்துக்கொண்டே இருக்கிறார். பழகியவர் அந்தக் கணத்தில் தன் எடையைக் கொடுத்துவிடுகிறார். அதற்கு முன் தரை பார்த்தது, பிரேக் கட்டியது, கொக்கியைக் கையால் தடவி உறுதிசெய்தது எல்லாம் அவர் பொறுப்பு; அதில் ஒன்றைக்கூட வேறு யாரும் அவருக்காகச் செய்ய மாட்டார்கள். கொடுக்கிற கணத்தில் மட்டும் அவர் இழுப்பதில்லை.

இதே இடத்துக்கு வேறொரு பாதையில் வந்து சேர்ந்தவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல். பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு, 1934–35ல் பாரிஸ் பகுதித் தொழிற்சாலைகளில் கூலித் தொழிலாளியாக உழைத்தவர். 1943ல் தம் 34ஆம் வயதில் இறந்தார். அவருடைய குறிப்பேடுகளிலிருந்து தொகுத்து 1947ல் வெளிவந்த நூலின் பெயரே கனத்தையும் அருளையும் எதிரெதிரே நிறுத்துகிறது. அதில் நெம்புகோலைப் பற்றி அவர் கவனித்தது, மேலே எழுப்ப விரும்பும்போது நாம் கீழே இறக்குகிறோம் என்பது. அதைத் தன்னைத் தாழ்த்துபவன் உயர்வான் என்ற கிறிஸ்துவின் வாக்கோடு இணைத்துப் பார்த்தார். இயந்திரத்தின் முன் நின்று களைத்த உடம்பிலிருந்து வந்த சிந்தனை என்பதால் அது புத்தகப் படிப்பாகத் தொனிப்பதில்லை.

ஆகவே, "நான் ஒருத்தனே ஏத்திட்டேன்" என்பதில் பொய் இல்லை. தொடங்கியவர் அவர்தான், தவறியிருந்தால் கேட்கப்படப்போகிறவரும் அவர்தான். இராமாநுசர் அந்த 'நான்'-ஐ அழிக்கச் சொல்லவில்லை. 'ஒருத்தனே' என்ற சொல்லை மட்டும் இன்னொரு முறை பார்க்கச் சொல்கிறார்.

பேடாக்கில் வண்டி ஏறி நின்ற பிறகு மெக்கானிக் பின்சக்கரத்தின் அருகே குந்தி உட்காருகிறார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளியாகிவிட்டது. சற்று முன் தன் முழு எடையையும் இறக்கி எழுப்பிய சக்கரத்தை இப்போது ஒரு விரலால் தள்ளுகிறார். அது சத்தமில்லாமல் சுற்றுகிறது. செயினின் கண்ணிகள் ஒவ்வொன்றாக அவர் பார்வைக்குக் கீழே வந்து போகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறார்.