பாவம் என்று சொல்லாமல்

எர்னெஸ்ட் கெய்ன்ஸ் எழுதி 1993இல் வெளியான ‘எ லெஸன் பிஃபோர் டையிங்’ நாவலில் தீர்ப்பு தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. 1940களின் லூசியானா. ஒரு கடையில் வெள்ளைக்கார முதலாளியும் இரண்டு கறுப்பு இளைஞர்களும் ஒருவரையொருவர் சுட்டுச் செத்துக் கிடக்கிறார்கள். அங்கே உயிரோடு நின்றவன் ஜெஃபர்சன் என்னும் கறுப்பின வாலிபன். அவனுக்கு மின்சார நாற்காலி. அவனை வளர்த்த மிஸ் எம்மாவின் நெஞ்சில் தைத்து நிற்பது வேறொன்று. அவனுக்காக வாதாடிய வக்கீல், திட்டம் போட்டுக் கொல்ல இவனுக்கு ஏது அறிவு, இவனை அந்த நாற்காலியில் உட்கார வைப்பதும் ஒரு பன்றியை உட்கார வைப்பதும் ஒன்றுதான் என்று வாதிட்டார். சிறையில் ஜெஃபர்சன் கையை ஊன்றிக் குனிந்து, சாப்பாட்டை வாயால் கவ்வித் தின்று காட்டுகிறான். அவன் சாவதற்குள் தான் மனிதன் என்பதை அவனுக்கு உணர்த்திவிடு என்று ஊர்ப் பள்ளி ஆசிரியனிடம் கேட்கிறாள் அந்தக் கிழவி.

அந்த வக்கீல் அவனைக் காப்பாற்றத்தான் அப்படிப் பேசினார். எனக்கு இதுதான் ஆறவில்லை. வெறுப்பவன் சொன்னால் எதிர்த்து நிற்கலாம். நம் பக்கம் நின்று பேசுகிறவர் நம்மைத் தரையில் போட்டு மிதித்து, ‘பாருங்கள், இவ்வளவு கேவலமானவன், விட்டுவிடுங்கள்’ என்றால் எங்கே போய் முறையிடுவது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு அந்நியமானதல்ல. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வரும் கூட்டத்தின் கையில் இருக்கும் தாள்களைப் படித்தால் தெரியும். ‘நான் மிகவும் ஏழை, எழுதப் படிக்கத் தெரியாதவள், ஐயா அவர்கள் கருணை கூர்ந்து…’ நிலத்தை இன்னொருவன் வளைத்துப் போட்டிருப்பான். மனுவில் அவன் பெயர் வருவதற்குள் இவள் நான்கு முறை காலில் விழுந்திருப்பாள். எழுதிக் கொடுப்பவர் நல்லவர்தான். இப்படி எழுதினால்தான் வேலை நடக்கும் என்பது அவர் அனுபவம். அதனால் நடக்கவும் செய்யலாம். ஆனாலும் சட்டப்படி சேர வேண்டியதைப் பிச்சையாகக் கேட்டு வாங்கியவளுக்கு, அடுத்த தடவையும் கை நீட்டித்தான் நிற்க வரும்.

அந்த நாவல் வெளிவந்த அதே 1993இல், இதே கடலூர் மாவட்டத்து முதனை கிராமத்தில் ராஜாக்கண்ணு என்ற கூலித் தொழிலாளியை நகைத் திருட்டு என்று சொல்லி கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் குறவர் சமூகத்தவர். (இந்தச் சம்பவத்தை வைத்து எடுத்த ‘ஜெய்பீம்’ படத்தில் அவரை இருளராகக் காட்டியிருப்பார்கள்.) அவருக்கு நீதிமன்றம், வக்கீல், தீர்ப்பு எதுவும் வாய்க்கவில்லை. அடித்தே கொன்றார்கள். பிறகு தப்பி ஓடிவிட்டான் என்றார்கள். ஏன் இவரை? பதிலுக்கு அதிகம் தேட வேண்டியதில்லை. ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்று வெள்ளைக்காரன் 1871இல் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை பதிய வேண்டும், இருப்பிடம் மாறினால் சொல்ல வேண்டும். குறவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். சட்டம் 1952இல் நாடு முழுதும் ஒழிந்தது. பட்டியல் காவல் நிலையத்தின் புத்தியில் தங்கிவிட்டது.

அவர் மனைவி பார்வதி மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களின் துணையோடு சென்னைக்குப் போனார். வழக்கறிஞர் சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். பார்வதி கேட்டது ஒன்றுதான்: என் புருஷன் எங்கே? காவலர்கள் குற்றவாளிகள் என்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது 2006 ஆகிவிட்டது. பதின்மூன்று வருடம் ஒரு கூலிக்காரப் பெண்ணை நிற்க வைத்தது எது என்று யோசிக்கிறேன். இரக்கம் வேண்டி வந்திருந்தால், இடையில் யாராவது கொஞ்சம் இரக்கம் காட்டியதும் திரும்பிப் போயிருப்பார்.

இப்படி நிமிர்ந்து நிற்க விடாத வாசல்களும் உண்டு. சிதம்பரத்துக்குப் போகும்போதெல்லாம் நந்தன் நினைவு வருகிறது. சேக்கிழார் சொல்லும் கதையில் ஆதனூர்ப் புலையரான அந்த அடியார் தில்லைக்குள் நுழைய நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. வெளியே வந்தது பூணூலும் சடையும் தரித்த முனிவர். பக்தியின் உச்சம் என்று படித்து உருகியவர்கள் உண்டு, அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உள்ளே போனவர் ஆதனூர்க்காரர் இல்லையே. அவரை அவராகவே அந்த வாசல் ஏற்கவில்லை. அதே ஊரில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அங்கே எந்தப் பிள்ளையும் நெருப்பில் இறங்க வேண்டியிருக்கவில்லை. சேரிப் பிள்ளை சேரிப் பிள்ளையாகவே வந்து உட்கார்ந்து படித்தது.

நாவலில் வரும் பள்ளி ஆசிரியனும் கடைசியில் அதைத்தான் செய்கிறான். ஒரு ரேடியோ, ஒரு நோட்டு, ஒரு பென்சில் கொடுக்கிறான். பிழை மலிந்த எழுத்தில் ஜெஃபர்சன் தன் மனதை எழுதி வைக்கிறான். நிமிர்ந்து நடந்து போய்ச் சாகிறான். படித்து அழுதேன். அழுதபின் கோபமும் வந்தது. தான் மனிதன் என்று காட்டும் பாரம் ஏன் சாகப் போகிறவன் தலையில்? தீர்ப்புச் சொன்ன பன்னிரண்டு வெள்ளைக்காரர்களுக்கு யார் பாடம் நடத்துவது? மானத்தோடு சாகக் கற்றுக் கொடுப்பது பெரிய காரியம்தான். அதோடு நின்றுவிட்டால் நாற்காலி அப்படியே இருக்கும், அடுத்தவன் வருவான். அதனால்தான் ஜெஃபர்சனை நினைக்கும்போது பார்வதியையும் சேர்த்தே நினைக்கிறேன். அவர் கேள்வி காவல் நிலையத்தை நோக்கி இருந்தது.

‘ஜெய்பீம்’ 2021இல் வந்தபோது ஊரே பார்த்தது, அழுதது. இன்று எங்காவது நகை காணாமல் போனால் போலீஸ் ஜீப் முதலில் எந்தத் தெருவில் போய் நிற்கும் என்று முதனைப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள்.