எல்லாருக்கும் கோப்பையா?

2015 ஆகஸ்டில் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜேம்ஸ் ஹாரிசன், தன் இரு மகன்களுக்குக் கிடைத்த கோப்பைகளைத் திருப்பிக் கொடுக்கப் போவதாக இன்ஸ்டாகிராமில் அறிவித்தார். பையன்களுக்கு வயது 8, 6. விளையாட்டில் கலந்துகொண்டதற்காகவே கிடைத்த கோப்பைகள் அவை. உண்மையாக உழைத்து வெல்லும்வரை அவர்களுக்குக் கோப்பை வேண்டாம் என்பது அவருடைய கட்சி. பாராட்டியவர்களும் உண்டு, கொதித்தவர்களும் உண்டு.

ஹாரிசனின் கவலையில் நியாயம் இருக்கிறது. வந்து நின்றாலே பரிசு என்று பழகிய பிள்ளை, பின்னால் தோல்வியைத் தாங்குமா? ஆனால் 6 வயதுப் பிள்ளைக்கும் 14 வயதுப் பிள்ளைக்கும் ஒரே சட்டம் சரிப்படாது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர் செய்த ஆய்வொன்று 1973-இல் வெளியானது. வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு, சொல்லாமலே வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவுமில்லை. சில நாள் கழித்து, அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள், மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களுக்கோ ஆசை குறையவே இல்லை.

ஆக, கெடுதல் பரிசில் இல்லை. முன்கூட்டியே பேசும் பேரத்தில் இருக்கிறது. "மைதானத்துக்கு வா, கோப்பை தருகிறோம்" என்று அழைத்தால், பந்தைத் துரத்தும் சந்தோஷம் இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. ஆட்டம் முடிந்த மாலையில் எல்லாச் சிறுவர் கையிலும் ஒரு பதக்கத்தை வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

சிறுவயதில் தரம் பிரிக்காமல் விடுவதை நார்வே விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. அங்குள்ள விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி, குழந்தைகளுக்கு 11 வயதாகும்வரை முடிவுப் பட்டியலோ தரவரிசையோ கிடையாது. பரிசு கொடுப்பதானால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். தேசியச் சாம்பியன் போட்டிக்கு 13 வயதாக வேண்டும். சுமார் 55 லட்சம் பேர் வாழும் அந்த நாடு, 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களோடு முதலிடம் பிடித்தது. பனியும் மலையும் பணமும் அதற்குக் காரணம்தான். ஆனாலும் சிறுவயதில் தரம் பிரிக்காமல் விட்டதால் அங்கே வெல்லும் வேகம் மங்கிப்போகவில்லை என்பதற்கு அந்த 39 பதக்கங்களே சாட்சி.

சின்னஞ்சிறு வயதில் மைதானத்துக்கு வேண்டியது கூட்டம். கடைசியாக ஓடி வரும் பிள்ளையும் மறுநாள் வர வேண்டும். பெஞ்சில் உட்கார வைக்காமல், எல்லாரையும் ஆட்டத்தில் இறக்கும் பயிற்சியாளர் இருந்தால் கோப்பையே தேவைப்படாது. 12 வயதைத் தாண்டியபின் வெற்றி தோல்வியை மூடி மறைக்க வேண்டியதில்லை. தோற்ற பிள்ளையின் கையில் இன்னொரு பதக்கத்தைத் திணிக்காமல், கடைசி 20 மீட்டரில் எங்கே வேகம் தளர்ந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதுதான் அப்போது பெரியவர்களின் வேலை.