பார்வைக்கு என்ன கூலி?

சின்ன காஞ்சிபுரத்தில் இரண்டு நெசவாளர்களைக் கற்பனை செய்துகொள்வோம். இருவருக்கும் வயது 45. இருவரும் சொல்வது ஒரே வாக்கியம்: "சாயந்திரமானா இழை சரியா தெரியல." பட்டுத்தறியில் இது சின்ன விஷயமில்லை. கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும், கரை கோர்க்கத் துணைக்கு இன்னொருவர் உட்காருவார். ஒருவர் கண் தடுமாறினால் இரண்டு பேர் வேலை நிற்கும். கூலியோ புடவைக்குத்தான், உட்கார்ந்த நேரத்துக்கு இல்லை.

முதல் ஆளுக்கு வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் சிலியரி தசை சுருங்கும்போது வில்லை தடித்து, கிட்டத்தில் இருப்பது தெளிகிறது. இந்த வேலையைச் செய்வது கார்னியா இல்லை, வில்லைதான் என்று 1801இல் தாமஸ் யங் காட்டினார். அதற்காகத் தன் கண்ணையே தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தார். வயது ஏறஏற வில்லை இறுகிப்போகிறது. தசை சுருங்கினாலும் அது வளைந்துகொடுப்பதில்லை. "தறியில உக்காந்தே கண்ணைக் கெடுத்துக்கிட்டாரு" என்று ஊர் சொல்லும். ஆனால் தறிப்பக்கமே போகாதவருக்கும் இது வரும். ஒரு கண்ணாடி போதும்.

இரண்டாமவருக்கு மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பு, அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வழியாகத் தசைக்குச் சேதி அனுப்புகிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது. 1973இல் பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் இருவரும் மின்விலாங்கு மீனின் ஏற்பிகளை முயல்களுக்குச் செலுத்தியபோது, முயல்களின் தசைகள் தளர்ந்தன. நோயின் வழி புரியத் தொடங்கியது. பலருக்கு இது கண்ணில்தான் ஆரம்பிக்கும். இமை தொங்கும், ஓர் இழை இரண்டாகத் தெரியும். உழைத்தால் மோசமாகும், ஓய்வெடுத்தால் தேறும். அதனால் "காலையில நல்லாத்தானே இருந்தே, இப்ப என்ன நடிக்கிறே?" என்ற கேள்வியையும் அவர் சுமக்க வேண்டும். மருந்து உண்டு. ஆனால் வேகம் பழையபடி திரும்பும் என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது.

முதல் ஆளுக்காக வாதாட அறிவியலிடம் வலுவான எண்கள் இருக்கின்றன. அசாமில் 40 வயது தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2018இல் வெளியானது. பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலையின் எடை, போடாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. வங்கதேசத்தில் 2024இல் வெளியான இன்னோர் ஆய்வில் கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் 33 சதவீதம் அதிகரித்தது.

நல்ல ஆய்வுகள். பணம் ஒதுக்குகிறவர்களுக்குப் புரிகிற மொழியில் பேசுகின்றன. எனக்கு உறுத்துவது அந்த மொழிதான். கண்ணாடியின் நியாயத்தைக் கிலோவில் சொல்லப் பழகிவிட்டால், கிலோ காட்ட முடியாதவர்களுக்கு என்ன சொல்வோம்? மயஸ்தீனியா வந்த நெசவாளரின் சிகிச்சை எத்தனை புடவையைக் கூட்டியது என்று கணக்குப் பார்த்தால் அவர் தோற்றுப்போவார். தறியை விட்டு இறங்கிவிட்ட எழுபது வயதுப் பாட்டி அரிசியில் கல் பொறுக்கவும், மாத்திரை அட்டையில் இருக்கும் எழுத்தைப் படிக்கவும் கண்ணாடி கேட்கிறார். அந்தக் கணக்கில் அவருக்கு வரவே இல்லை.

"எண் இல்லன்னா எவன் காசு கொடுப்பான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பசியில் இருப்பவரிடம் போய் கூலி முக்கியமில்லை என்று சொல்வதும் அயோக்கியத்தனம்தான். அந்த நெசவாளரே முதலில் கேட்பது, "மறுபடி நெய்ய முடியுமா டாக்டர்?" என்றுதான்.

ஆனால் அவர் கேட்பதும் நிதி கொடுப்பவர் கேட்பதும் ஒன்றல்ல. அவர் தன் வாழ்க்கையைத் திரும்பக் கேட்கிறார். மற்றவர் தன் முதலீட்டுக்கு விளைச்சல் கேட்கிறார். விலை உள்ளவை வேறு, மதிப்பு உள்ளவை வேறு என்று காண்ட் 1785இல் பிரித்துக்காட்டியது இந்த இடத்துக்குப் பொருந்தும். 22 சதவீதம் என்பது பணம் வைத்திருப்பவரைச் சம்மதிக்கவைக்கும் சான்று. கண்ணாடி தர வேண்டியதற்கு அது காரணம் இல்லை. காரணம், எதிரில் ஒருவர் மங்கலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதைச் சரிசெய்ய நம்மால் முடியும் என்பதுதான்.

வித்தியாசம் வெறும் சொல்லில் இல்லை, முகாம் வரிசையில் தெரியும். சான்றையே காரணமாக எடுத்துக்கொள்கிற முகாம், நெய்கிற கைகளை முதலில் கூப்பிட்டு, கண்ணாடி தீர்ந்ததும் மூட்டை கட்டும். காரணத்தைப் புரிந்துகொண்ட முகாம் பாட்டியையும் உட்காரவைக்கும். கண்ணாடி போட்டும் இழை இரண்டாகத் தெரிகிறது என்பவரிடம் "பவர் சரியாத்தான் இருக்கு, போங்க" என்று சொல்லாது. "காலையிலேயும் இப்படித்தானா, இல்ல வேலை செய்யச் செய்யக் கூடுதா?" என்று இன்னொரு கேள்வி கேட்கும், நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பிவைக்கும்.