நின்ற வண்டியும் நில்லாத வண்டியும்

சங்ககிரியில் லாரித் தொழிலை அறியாத குடும்பம் அரிது. முன்னாளில் வண்டி புறப்பட்டுவிட்டால், ஓட்டுநர் தொலைபேசியில் அழைக்கும்வரை உரிமையாளருக்குச் செய்தி கிடையாது. இன்றோ வைகுந்தம் சுங்கச்சாவடியைக் கடந்ததும் பாஸ்டேக் கட்டணம் கழிந்த செய்தி கைப்பேசிக்கு வருகிறது. 2021 பிப்ரவரி முதல் அது கட்டாயம். ஜி.பி.எஸ். கருவி வண்டி நின்ற இடத்தையும் நேரத்தையும் காட்டுகிறது. சரக்குத் திருட்டையும் டீசல் களவையும் கண்டறிய இவை உதவுவதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், கருவிக்கு நின்ற இடம் தெரியும்; நின்ற காரணம் தெரியாது. நள்ளிரவில் கண் அயர்ந்து ஓரங்கட்டிய ஓட்டுநரை, "ஏன் நிறுத்தினாய்?" என்று எழுப்புவது யாரைக் காக்கும்? ஐந்து மணி நேர வேலைக்குப்பின் அரைமணி ஓய்வு வேண்டுமென்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே விதித்தது. அந்நாளில், "எத்தனை மணி ஓட்டினான் என்று நான் அறியேன்" எனச் சொல்ல முதலாளிக்கு இடமிருந்தது. இன்று அதே திரை ஓய்வின்றி ஓடிய மணிகளையும் காட்டுகிறது. அறியாமல் விளைந்த தீங்கு வேறு. அறிந்தும் வாளாவிருந்து விளைந்தது வேறு. எறும்புக்கு வழிவிடும் நம் கொல்லாமை, உறக்கத்தோடு ஓட்டுபவனையும் அவன் எதிரே வருபவரையும் விலக்குமா?

வண்டி நின்றதும் அழைக்கும் அதே கை, ஆறு மணி நேரம் நில்லாமல் ஓடும்போதும் அழைத்து, "தம்பி, ஓரங்கட்டித் தூங்கிவிட்டு வா" என்று சொல்லுமா என்பதே என் வினா.