அனுமதி

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்புதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டதால் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

2022 கோடைக்காலம். மேரிலாந்து மாநிலத்தில் நாங்கள் இருக்கும் மான்ட்கோமரி கவுன்ட்டியில் ஒரு மசோதா விவாதத்துக்கு வந்திருந்தது. புதிதாகக் கட்டும் வீடுகளும் அலுவலகங்களும் எரிவாயு இல்லாமல் முழுக்க மின்சாரத்திலேயே இயங்க வேண்டும். அதற்கான விதிகளை 2026 முடிவதற்குள் வகுக்க வேண்டும் என்பது சாரம். கவுன்ட்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் இங்கே கலெக்டர் கிடையாது. தேர்ந்தெடுத்த கவுன்சில் உட்கார்ந்து சட்டமே போடும். பெயர் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் போய்ச் சில நிமிடம் பேசலாம். நானும் எழுதி எடுத்துக்கொண்டு போய் மசோதாவை ஆதரித்துப் பேசினேன். மேடையில் கவுன்சில் உறுப்பினர்கள் ஒன்பது பேர். எனக்கு முன்னால் வீடு கட்டி விற்கும் ஒருவர் மசோதாவை எதிர்த்துப் பேசியிருந்தார்.

வெளியே நடைக்கூடத்தில் அவர் என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார்: "நீங்கள் வீட்டில் எதில் சமைக்கிறீர்கள்?"

"கேஸில்" என்றேன்.

அவர் கேலி செய்யவில்லை. தலையை மட்டும் அசைத்தார். கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நம் சமய மரபில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய குத்து. வெல்லம் தின்னும் பையனுக்குப் புத்தி சொல்லச் சொல்லித் தாய் ஒருத்தி மகானிடம் போக, அவர் முதலில் தான் வெல்லத்தை விட்டுவிட்டுப் பிறகே பையனிடம் பேசினார் என்று ஒரு கதை உண்டு. பரமஹம்சர் என்பார்கள், காந்தி என்பார்கள், ஊருக்கு ஒரு பெயர். நான் வெல்லத்தை வாயில் அதக்கிக்கொண்டே உபதேசம் பண்ணிவிட்டு வந்தவள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மசோதாவுக்காக எங்களோடு வேலை செய்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரிடம் மறுநாள் இதைச் சொன்னேன். சாண்டி ஸ்பிரிங் என்ற ஊரில் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே குவேக்கர்கள் கூடி வருகிறார்கள். கூடி, பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் வழிபாடு. லான்ஹாம் சிவா விஷ்ணு கோவிலில் மணியும் மேளமுமாகப் பழகிய எனக்கு அந்த மௌனம் இன்னும் பிடிபடவில்லை. அவர் வெகு நேரம் சும்மா இருந்துவிட்டு, "நானும் கேஸ்தான்" என்றார். அவ்வளவுதான். ஆறுதலாக இருந்தது, பதிலாக இல்லை.

பதில் வந்தவாசியிலிருந்து வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் தமிழ்ச் சமணர்கள் நிறைய. நான் கணக்குப் படித்தது அவர்களில் ஒருவரான நயினார் வாத்தியாரிடம். பொழுது சாய்ந்தால் சோறு தொடமாட்டார். கொல்லையில் எலிப்பொறி வைக்கலாமா என்று அடுத்த வீட்டுக்காரர் அவரிடம் கேட்டதும், அவர் மறுத்ததும் நினைவிருக்கிறது. "உங்களை வைக்கச் சொல்லலையே, நான்தானே வைக்கிறேன்?" என்றார் அடுத்த வீட்டுக்காரர். வாத்தியார் சொன்னது இது: வினையில் மூன்று வகை. தானே செய்வது, பிறரைச் செய்விப்பது, செய்கிறவனுக்கு உடன்படுவது. மூன்றும் ஒட்டும். பதஞ்சலியின் யோக சூத்திரத்திலும் ஹிம்சையைப் பற்றி இதே மூன்று பிரிவு இருப்பதைப் பின்னால் படித்தேன்.

மூன்றாவதற்குத் தமிழில் நாம் தினமும் புழங்கும் ஒரு சொல் இருக்கிறது: அனுமதி. வீடு கட்ட நகராட்சியில் வாங்குகிறோமே, அதே அனுமதி.

என் அடுப்பு முதல் வகை. அதற்கு நான் பொறுப்பு, தப்பிக்க வழியில்லை. ஆனால் நான் 1998இல் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது தெருவில் குழாய் இருந்தது, சமையலறையில் இணைப்பு இருந்தது, அடித்தளத்தில் குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் உலையும் கேஸில் ஓடியது. யாரோ போட்டார்கள், யாரோ கையெழுத்துப் போட்டு அனுமதித்தார்கள். எனக்குப் பின்னால் இங்கே யார் வந்தாலும் அந்தக் குழாய் அவர்களையும் எரிக்க வைக்கும். வினை செய்தவனைத்தான் போய்ச் சேரும் என்கிறோம். குழாய் போட்டவன் செத்த பிறகும் அது ஆளுக்கு ஆள் வினை செய்ய வைத்துக்கொண்டிருக்கிறதே, அதை யார் கணக்கில் எழுதுவது? இந்தக் கவுன்ட்டியின் கரியமில வாயுக் கணக்கில் பாதியளவு கட்டடங்களுடையது. அத்தனையும் ஒரு காலத்தில் மேசை ஒன்றின் மேல் அனுமதிக் காகிதமாக இருந்தவை.

அந்தக் காகிதம் கையெழுத்தாகும் அறைக்குப் போய் 'நான் உடன்படவில்லை' என்று சொல்ல, முதலில் என் அடுப்பு சுத்தமாக வேண்டும் என்றால், யாரும் எந்தக் காலத்திலும் போகப்போவதில்லை. வெல்லக் கதை வெல்லத்துக்குச் சரி.

இதில் எனக்குச் சாதகமாக நானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறேனோ என்ற சந்தேகமும் உண்டு. அந்த மசோதா புதுக் கட்டடங்களைத்தான் கட்டுப்படுத்தும். என் வீட்டைத் தொடாது. இன்னும் கட்டாத வீட்டுக்கு, இன்னும் வராத குடும்பத்துக்கு விதி கேட்டேன். என் முறை வந்திருந்தால் இவ்வளவு தைரியம் இருந்திருக்குமா?

அந்த வீடு கட்டுபவர் சபையில் இன்னொன்றும் சொன்னார்: மின்சாரமும் எரிவாயுவை எரித்துத்தானே வருகிறது? உண்மை, கணிசமான பங்கு அப்படித்தான் வருகிறது. ஆனால் கம்பியில் நாளைக்கு வெயிலும் காற்றும் வரலாம். குழாயில் எரிவாயுவைத் தவிர வேறென்ன வரும்?

இந்த மசோதா திடீர் வேகத்தில் வந்தது இல்லை. 2017 டிசம்பரிலேயே இந்தக் கவுன்சில் பருவநிலை நெருக்கடி என்று தீர்மானம் போட்டது: 2027க்குள் வெளியேற்றத்தில் 80 சதவீதம் குறைப்பு, 2035க்குள் முழுவதும். தீர்மானம் போடுவது எளிது. 2021 செப்டம்பர் 1 அன்று ஐடா புயலின் மிச்சம் இந்தப் பக்கம் வந்து கொட்டியது. ராக்வில் என்ற ஊரில் தரைமட்டக் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்து 19 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். நாங்கள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போனபோது 2035ஐப் பற்றி யாரும் கேட்கவில்லை, அந்த இரவைப் பற்றித்தான் பேசினார்கள். தலைநகர் அனாபோலிஸில் மாநிலச் சட்டமன்றம் 2022இல் பெரிய பருவநிலைச் சட்டம் கொண்டுவந்தது. அப்போதைய ஆளுநர் ஹோகன் கையெழுத்திடாமலேயே அது சட்டமானது. 2006 அளவிலிருந்து 2031க்குள் 60 சதவீதம் குறைக்க வேண்டும். ஆனால் புதுக் கட்டடங்களை மின்சாரத்துக்கு மாற்றும் பகுதியை வழியிலேயே உருவிவிட்டார்கள். உருவியதைத்தான் கவுன்ட்டியில் போய்க் கேட்டோம். நவம்பர் கடைசியில் கவுன்சில் மசோதாவை நிறைவேற்றியது.

அம்மாவுக்கு 84 வயது. செய்தி சொன்னதும், "நெருப்பே இல்லாத வீட்டுல சாமிக்கு எப்படிம்மா படைப்பாங்க?" என்றாள். பிறகு அவளே சிரித்துக்கொண்டாள். எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் கேஸ் வந்தபோது, அதில் பொங்கினால் சாமிக்கு ஆகாது என்று ஆயா ஆறு மாதம் விறகடுப்பை அணைக்கவிடவில்லையாம். அதற்கு முன்னால் மண்ணெண்ணெய் அடுப்போடும் சண்டை.

"யாருக்கும் விலக்கு இல்லையா?" என்றாள். இருக்கிறது என்று பட்டியலைச் சொன்னேன். ஓட்டல்களுக்கு உண்டு, தொழிற்சாலைகளுக்கு உண்டு, பிணம் எரிக்கும் இடங்களுக்கு உண்டு.

"அப்ப எனக்கு ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டு, அம்மா இடுக்கியால் அப்பளத்தைப் பிடித்து நீல நெருப்பில் திருப்பிப் போட்டாள்.