பெயரும் பொறியும்

விலை கொடுத்து ஒரு பொருளை வாங்குபவன் உண்மையில் எதனை வாங்குகிறான் என்ற வினா அன்றாட வாழ்விற் பெரும்பாலும் எழுவதில்லை. அரிசி வாங்குபவன் அரிசியையே வாங்குகிறான். ஆனால், பெயருக்காக விலை கூடிய பண்டங்களைப் பொறுத்தவரை அவ்வினா எழுவதுண்டு. நீதிமன்றம்வரை சென்றதும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டு எழுந்த ஒல்ட்ஸ்மொபீல் விவகாரம் அத்தகையது.

ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1920களில் அல்பிரட் சுலோனின் தலைமையிலே தன் கார்களை ஒரு படிவரிசையில் அமைத்தது. அடிப்படியிற் செவ்ரோலே, உச்சியிற் கடிலாக், இடையே பொன்டியாக், ஒல்ட்ஸ்மொபீல், பியூக். வருவாய் உயருந்தோறும் வாடிக்கையாளன் ஒரு படி ஏறவேண்டும் என்பதே ஏற்பாடு. ஒரே முதலாளிக்குச் சொந்தமாயினும் இவை தம்முட் போட்டியிட்டன. தத்தமக்கெனத் தனி எஞ்சின்களையும் வகுத்துக்கொண்டன. 1949இல் அறிமுகமான ‘ரொக்கற்’ என்னும் எட்டுச் சிலிண்டர் எஞ்சினே ஒல்ட்ஸ்மொபீலின் பெருமையாக விளம்பரஞ் செய்யப்பட்டு வந்தது.

1977இல் ஒல்ட்ஸ்மொபீலின் விற்பனை பத்து இலட்சத்தைத் தாண்டியது. எஞ்சின்கள் போதவில்லை. நிறுவனம் செவ்ரோலே எஞ்சின்களை எடுத்து ஒல்ட்ஸ்மொபீல் கார்களிற் பொருத்தியது. இரண்டும் ஏறத்தாழ 5.7 லீற்றர் கொள்ளளவு உடையவை. வாங்கியோருக்கு இது தெரிவிக்கப்படவில்லை. பராமரிப்பு வேலைக்குக் கொண்டுசென்ற காரில் உதிரிப்பாகங்கள் பொருந்தாமற் போனபோதே உண்மை வெளிப்பட்டது. இலினோய் மாநிலச் சட்டமா அதிபர் வழக்குத் தொடுத்தார். ஏனைய மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஈற்றில், கார் ஒன்றுக்கு 200 டொலரும் நீடித்த உத்தரவாதமும் வழங்க நிறுவனம் முன்வந்தது. தன் எஞ்சின்கள் பல்வேறு பிரிவுகளிலே தயாராவன என்ற அறிவித்தலும் அதன் பின்னர் விளம்பரங்களில் இடம்பெறலாயிற்று.

நிறுவனத்தின் வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. இரு எஞ்சின்களும் தரத்தில் ஒத்தவை, எனவே எவருக்கும் நட்டம் இல்லை என அது கூறியது. பயன்பாட்டுப் பெறுமதி ஒன்றை மட்டும் நோக்கின் இக்கூற்றுச் சரியே. செவ்ரோலே எஞ்சின் பூட்டிய ஒல்ட்ஸ்மொபீல் வீதியில் நின்றுவிடவில்லை. ஆனால், முப்பது ஆண்டுக்கு மேலாக ஒல்ட்ஸ்மொபீலும் செவ்ரோலேயும் வேறு வேறு என்று விளம்பரஞ் செய்து, அவ்வேறுபாட்டுக்கென மேலதிக விலையும் பெற்ற அதே வாய், அகப்பட்டுக்கொண்ட பின்பு வேறுபாடே இல்லை என்கிறது. பின்னைய கூற்று மெய்யாயின் முன்னர்ப் பெற்ற விலை பொய்யானது. முன்னையது மெய்யாயின் வாங்கியோர் வஞ்சிக்கப்பட்டனர். இரண்டில் எதனைத் தெரிந்தாலும் நிறுவனத்துக்கு மீட்சி இல்லை.

தோர்ஸ்ரீன் வெப்லென் என்னும் பொருளியலாளர் 1899இல் வெளியிட்ட ‘ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு’ என்ற நூலிலே கைவேலைப்பாடுள்ள வெள்ளிக் கரண்டி ஒன்றை உதாரணமாக எடுத்தாள்கிறார். அழகியது எனப் போற்றப்பட்ட கரண்டி போலியானது எனத் தெரியவந்ததும் அதன் அழகே குன்றிவிடுகின்றது, கரண்டியோ மாறவில்லை. செல்வர் நுகர்வது பண்டத்தையன்று, அதன் விலையையே என்பது அவரது முடிபு. ஒல்ட்ஸ்மொபீல் வாங்கியோரின் சினத்தையும் இவ்வாறே வெறும் வீண்பெருமை எனத் தள்ளிவிடலாமா? அவர்களுட் பெரும்பாலோர் ஓய்வு வர்க்கத்தினர் அல்லர். ஒரு படி ஏறுவதற்காக உழைத்துச் சேமித்தவர்கள் என்பதை இங்கு மறத்தலாகாது.

வஞ்சனையே முழுக் குற்றமாயின், வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் சிக்கல் தீரவேண்டும். அவ்வாறு தீரவில்லை என்பதற்குப் பென்ற்லி சான்று. 1998இல் வெளிவந்த பென்ற்லி ஆர்னாஜ் காரிற் பீ.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் 4.4 லீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்டது. அதில் ஒளிப்பு மறைப்பு எதுவும் இல்லை. பழையதிலும் பார்க்க அது பாரம் குறைந்தது. எரிபொருளும் குறைவாகவே குடித்தது. எனினும், பென்ற்லியின் இதயம் பறிபோயிற்று என்றே அபிமானிகள் வருந்தினர். மறு ஆண்டே, 1959இல் வடிவம் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த 6.75 லீற்றர் எஞ்சின் ஆர்னாஜில் மீண்டும் ஏறியது. இதற்கு வணிகக் காரணமும் உண்டு: 1998இல் பென்ற்லியை வொக்ஸ்வாகன் வாங்கியமையால் எஞ்சின் வழங்குவோர் போட்டியாளராகிவிட்டனர். ஆயினும், பாரமும் எரிபொருட் செலவும் கூடிய பழைய பொறியை வாடிக்கையாளர் விரும்பி ஏற்றனர் என்பது அக்காரணத்தால் மறைவதன்று.

வெப்லென் இருந்திருந்தால் நகைத்திருப்பார். ஓரளவுக்கு அந்நகைப்பு நியாயமானதே. எனினும், குறூ நகரத் தொழிற்சாலையிலே தலைமுறைகளாகத் தேர்ந்த கைகள் செய்த வேலை, அக்கைகளைக் காணாத ஒருவனிடத்து ‘பென்ற்லி’ என்ற ஒற்றைப் பெயராகவே போய்ச் சேருகின்றது. பெயர் மேல் அவன் வைக்கும் நம்பிக்கை, அவன் அறியாமலேனும், அவ்வுழைப்பின் மேல் வைத்த நம்பிக்கையாகும். உழைப்பை வேறிடத்திற் பெற்றுக்கொண்டு பெயருக்கான விலையை மட்டும் பழையபடி அறவிடுவதிலே, பொய் ஏதும் சொல்லப்படாதபோதும், ஏதோ ஒன்று கொடுக்கப்படாமல் எஞ்சுகின்றது. அந்த எஞ்சிய பாக்கியையே அபிமானிகள் தம் மொழியில் ‘இதயம்’ என்றனர்.

இதற்கு மாறான நிகழ்வும் உண்டு. 1992இல் அறிமுகமான மக்லாரன் எஃப் 1 காரின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினும் பீ.எம்.டபிள்யூ. செய்ததே. அதனால் அக்காருக்கு இழிவு நேரவில்லை. எஞ்சினும் அதன் புகழிற் பங்கு பெற்றது. வீதிக்கார் செய்வதிற் புதிதாய் இறங்கிய மக்லாரன், எஞ்சின் செய்வோர் தாம் என்று ஒருபோதும் பெருமை பேசியதில்லை. பேசாத பெருமைக்கு விலையும் பெறவில்லை. அஸ்ரன் மார்ட்டினின் நிலை இடைப்பட்டது. மேர்சிடிஸ் குழுமத்தின் ஏ.எம்.ஜி. பிரிவுடன் 2013இற் செய்த உடன்படிக்கைக்கு ஏற்ப, அதன் டீ.பீ. 11 காரில் 2017இலே ஜேர்மன் எஞ்சின் இடம்பெற்றபோது, ஆங்கிலேயப் பாரம்பரியம் அழிகிறது என்று சிலர் முணுமுணுத்தனர். அவர்கள் போற்றிய அஸ்ரன் மார்ட்டினின் ‘சொந்த’ எஞ்சின்களோ 2004 முதல் ஜேர்மனியின் கொலோன் நகரிலே, ஃபோர்ட் தொழிற்சாலை வளாகத்திலேதான் பூட்டப்பட்டு வந்தன!

ஏ.எம்.ஜி.யின் அஃபால்ரர்பாக் தொழிற்சாலையில் ஒரு நடைமுறை உண்டு. எஞ்சினைத் தொடக்கமுதல் முடிவுவரை பூட்டும் தொழிலாளி, தன் கையொப்பம் பொறித்த தகட்டினை அதன்மீது பதிக்கிறார். இத்தாலியப் பகானி நிறுவனம் தன் கார்களுக்கு ஏ.எம்.ஜி. எஞ்சின்களையே பெற்று வருகின்றது. அதனை அது மறைப்பதுமில்லை. அக்கார்களின் பெருவிலையில் அந்தக் கையொப்பக்காரரின் பங்கு எவ்வளவு என்று, எஞ்சின் யாருடையது என வழக்காடியோருள் எவரும் இதுவரை கேட்டதாகத் தெரியவில்லை.