செய்து காட்டிய பாட்டியார்



கோயம்புத்தூர் நானம்மாள் பாட்டியாரை நினைவுகூருங்கள். 1920-ம் ஆண்டு பிறந்தவர். தந்தையிடம் சிறு வயதில் கற்ற யோகாசனத்தைப் பிள்ளைகளுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும், ஊரார் பிள்ளைகளுக்கும் கற்பித்தார். 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2019 அக்டோபரில் 99-ம் வயதில் மரித்தார். "செய்" என்று ஏவிவிட்டு அவர் உட்கார்ந்திருக்கவில்லை. தொண்ணூறு கடந்தும் தாமே செய்து காட்டினார். ஞானோபதேசம் கற்பிக்கிற நமக்கும் இதுவே வழி.

அர்ச். சின்னப்பர் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் புகழும்போது பாட்டி லோயிஸ் பெயரையே முதலில் எழுதுகிறார். தாய்க்கு இரண்டாம் இடந்தான்!

கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்குத் தாய் தகப்பன் ஷிப்டு வேலைக்குப் போனபின், குழந்தையின் கையைப் பிடித்துச் சிலுவை அடையாளம் போடப் பழக்குகிறவர் யார்? அவரை வீட்டு மூலையில் உட்காரவைத்திருக்கிறீர்களே! இன்றிரவு செபமாலையை அவரே துவக்கட்டும். நீங்கள் பதில் சொல்லுங்கள்.